போலி வாதம் என்றால் என்ன? மதமும் அரசியலும் பேசும் மொரீஷியஸ் தமிழர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

மொரீஷியஸில் அரசியல் பேச ஆரம்பித்தால் மதம் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். அதற்காகப் பேசுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. நாட்டின் அரசியலமைப்புச் சட்டமே, அதன் முதல் அட்டவணையில், மக்களை இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர் என்று மூன்று சமூகங்களாக வைக்கிறது. வாழும் முறையைப் பார்த்தால் இந்த மூன்றில் எதிலும் சேராதவராகத் தோன்றும் எவரும் 'பொது மக்கள்' என்ற நான்காவது சமூகம். பொதுத் தேர்தல் முடிந்ததும், 'பெஸ்ட் லூசர்' முறைப்படி, தோற்ற வேட்பாளர்களில் 8 பேர் வரை இந்தச் சமூகக் கணக்கைப் பார்த்து நாடாளுமன்றத்துக்குள் சேர்க்கப்படுகிறார்கள். தமிழருக்கு அந்த அட்டவணையில் தனி இடம் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ, மதம் என்ன என்ற கேள்விக்குத் 'தமிழ்' என்றே பதில் தருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

ஆக, நாம் எந்தக் கணக்கில் வருகிறோம், நமக்கு எத்தனை இடம், எந்தக் கோயிலுக்கு எவ்வளவு பணம் என்பதெல்லாம் சட்டத்தோடும் அரசுப் பணத்தோடும் நேரடியாகத் தொடர்புள்ள கேள்விகள். பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் பேச்சு தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே யாராவது ஒருவர் "நீயெல்லாம் ஒரு தமிழனா?" என்று போட்டுவிடுகிறார். அதோடு எல்லாரும் கோபப்படுகிறார்கள். கேட்ட கேள்வி காணாமல் போய்விடுகிறது. எனக்கு வருத்தம் தருவது இதுதான். இப்படிக் கேள்வியைத் தப்ப விடும் பேச்சுகளுக்குச் சில வழக்கமான வடிவங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துவைத்திருந்தால் பாதி சண்டையைத் தவிர்க்கலாம்.

முதலில் அடிப்படை. ஒருவர் ஏதோ ஒன்றைச் சொல்கிறார், அது முடிவு. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்கிறார். முடிவும் காரணமும் சேர்ந்ததுதான் வாதம். அந்தக் காரணம் அந்த முடிவைத் தாங்க வேண்டும். தாங்குவது போலத் தோன்றி, தொட்டுப் பார்த்தால் தாங்காமல் போவது போலி வாதம். வெறும் பொய்யைச் சொல்வது வேறு. போலி வாதத்தில் சொல்லப்படும் தகவல்கள் ஒவ்வொன்றும் உண்மையாகக்கூட இருக்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியில்தான் கோளாறு.

இது நமக்குப் புதிய படிப்பும் அல்ல. மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலை வஞ்சி நகரத்தில் பல சமயவாதிகளின் கொள்கைகளையும் கேட்டு முடித்த பிறகு காஞ்சிக்கு வருகிறாள். அங்கே பௌத்தத் துறவியான அறவண அடிகள் அவளுக்கு முதலில் சொல்லித் தருவது தருக்கம், அதாவது வாதம் செய்யும் முறை. பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று, சொல்லும் முடிவில் வரும் கோளாறு, காரணத்தில் வரும் கோளாறு, உதாரணத்தில் வரும் கோளாறு எல்லாவற்றையும் வகை பிரித்துச் சொல்கிறார். பக்கப்போலி மட்டும் ஒன்பது வகை. சமயம் பேசப் போகிறவர் எது போலிக் காரணம் என்று தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே எதிர்பார்த்திருக்கிறார்கள்.

சரி, நம் ஊர்ப் பேச்சுக்கு வருவோம்.

சொன்னதை விட்டுச் சொன்னவரைப் பிடிப்பது

மொரீஷியஸ் அரசு மத அமைப்புகளுக்கு ஆண்டுதோறும் பணம் தருகிறது. கத்தோலிக்க, ஆங்கிலிகன், பிரஸ்பிடேரியன், அட்வென்டிஸ்ட் சபைகளுக்கும் இந்து, முஸ்லிம் அமைப்புகளுக்கும் இந்தப் பணம் போகிறது. ஒருவர் சொல்கிறார்: "அரசு எந்த மதத்துக்கும் பணம் தரக் கூடாது. கும்பிடுகிறவர்களே செலவைப் பார்த்துக்கொள்ளட்டும்." உடனே வரும் பதில்: "நீ கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டியவன். உனக்குக் கோயிலைப் பற்றி என்ன அக்கறை இருக்கப் போகிறது?"

அவர் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார் என்பதற்கும் வரிப்பணத்தை மத அமைப்புகளுக்குத் தரலாமா என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதே கருத்தை நாளைக்குக் கோயில் தர்மகர்த்தா ஒருவர் சொன்னால் என்ன செய்வோம்? அப்போதும் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? இந்த ஒரு சோதனை போதும். அதே வார்த்தைகளை நாம் மதிக்கும் ஒருவர் வாயில் வைத்துப் பாருங்கள். அப்போதும் நமக்கு மறுப்பு இருந்தால், அந்த மறுப்பைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆளைப் பார்க்க வேண்டிய இடமும் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "கோயில் கணக்கை நானே பார்த்தேன், பணம் குறைகிறது" என்று ஒருவர் சொன்னால், அவர் உண்மையிலேயே பார்த்தாரா, அவருக்கு நிர்வாகத்தோடு முன்விரோதம் உண்டா என்று விசாரிப்பது நியாயம். ஏனென்றால் அங்கே நாம் நம்ப வேண்டியது அவருடைய சாட்சியை. முன்விரோதம் இருந்தாலும் அவர் சொன்னது பொய் என்று ஆகிவிடாது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதன் உடன்பிறப்பு ஒன்று அரசியலில் தினமும் கேட்கும்: "உங்கள் ஆட்சியில் மட்டும் இது நடக்கவில்லையா?" நடந்திருக்கலாம். அப்படியானால் தப்பு இரண்டு தடவை நடந்திருக்கிறது என்று ஆகிறது. கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

"அவர் உண்மையான தமிழரே இல்லை"

நம் தீவில் அதிகம் காயப்படுத்தும் பேச்சு இதுதான் என்பது என் எண்ணம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

தைப்பூசக் காவடி முடிந்து கோயில் மண்டபத்தில் ஏழு கறி பரிமாறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழை இலைக்கு முன்னால் பேச்சு ஆரம்பமாகிறது. கிரியோலில் நடக்கும் அந்தப் பேச்சைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

"தமிழன் என்றால் வாழ்நாளில் ஒரு தடவையாவது காவடி எடுப்பான், தம்பி."

"எங்கள் சித்தப்பா எடுத்ததே இல்லையே, மாமா. அவர்தானே இத்தனை வருஷமாகச் சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறார்."

"அப்படியென்றால் அவர் உண்மையான தமிழர் இல்லை."

என்ன நடந்தது பாருங்கள். மாமா முதலில் சொன்னது தமிழர்களைப் பற்றிய ஒரு செய்தி. சரியா தப்பா என்று விசாரித்துப் பார்க்கக்கூடியது. தம்பி அதற்கு எதிரான ஓர் ஆளைக் காட்டினார். மாமாவுக்கு இரண்டு வழி இருந்தது. 'எல்லாரும்' என்பதை 'பெரும்பாலோர்' என்று மாற்றிக்கொள்ளலாம். அல்லது, காவடி எடுப்பதுதான் தமிழராக இருப்பதன் அளவுகோல் என்று நேராகச் சொல்லி, அது ஏன் என்று விளக்கலாம். இரண்டையும் செய்யாமல் எல்லையை நகர்த்தி, சித்தப்பாவை வெளியே நிறுத்திவிட்டார். இனிமேல் எத்தனை பேரைக் காட்டினாலும் அத்தனை பேரும் வெளியே போவார்கள். மாமா சொன்னதைத் தப்பென்று காட்ட வழியே இல்லை. ஆனால் இப்போது அவர் சொல்வது 'காவடி எடுக்கும் தமிழர் காவடி எடுப்பார்' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

காவடிக்குப் பதில் மொழியை வைத்துப் பாருங்கள். இங்கே பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் வீட்டுப் பேச்சு கிரியோல். "தமிழ் பேசத் தெரியாதவன் தமிழனா?" என்று ஒருவர் கேட்டால், அந்த அறையில் இருக்கும் பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை பலரை அந்த ஒரு வாக்கியம் வெளியே தள்ளிவிடுகிறது. விரதம் இருந்து, அலகு குத்தி, காவடி சுமந்து நடந்தவருக்கு முருகனைப் பற்றி நாலு வரி தமிழில் பேச வராமல் போகலாம். அதே நேரம், தமிழைச் சுத்தமாக எழுதுகிற ஒருவர் கோயில் பக்கமே போகாதவராக இருக்கலாம். இருவரில் யார் 'உண்மை' என்று போட்டி வைப்பதால், பிள்ளைகளுக்குத் தமிழ் எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்விக்கு ஒரு வரிகூடப் பதில் கிடைப்பதில்லை.

சட்டமே இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. 'வாழும் முறையைப் பார்த்தால்' என்று எழுதிவைத்தார்கள். எந்த வாழும் முறை என்று எழுதவில்லை. சாப்பாடா, உடையா, கல்யாணச் சடங்கா? தங்கள் சமூகம் இன்னதென்று அறிவிக்க மறுத்த வேட்பாளர்களின் மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. ரெசிஸ்தான்ஸ் எக் அல்தெர்நாதிவ் கட்சியைச் சேர்ந்தவர்கள் இதை ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவரை கொண்டு போனார்கள். இடங்களைப் பங்கிட இன்னமும் 1972 கணக்கெடுப்பு எண்களைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியிருக்க, சமூகத்தை அறிவித்தே ஆக வேண்டும் என்பது நியாயமில்லை என்று 2012இல் அந்தக் குழு முடிவு சொன்னது. சமூகத்தை அறிவிக்காமலும் போட்டியிடலாம் என்று 2014 தேர்தலுக்கு மட்டும் ஒரு தற்காலிகத் திருத்தம் வந்தது. 'உண்மையான இன்னார் யார்' என்பதற்கு ஒரு நாட்டின் சட்டத்தாலேயே தெளிவாக விடை எழுத முடியவில்லை. வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

சொல்லாததைச் சொன்னதாக வைத்து அடிப்பது

"கணக்கெடுப்பில் தமிழரைத் தனியாகவே எண்ண வேண்டும்" என்கிறார் ஒருவர். "அப்படியானால் நீ சிவனைக் கும்பிடுவதில்லையா?" என்று பதில் வருகிறது. இன்னொரு பக்கம், "நாமும் இந்துக்கள்தானே" என்று ஒருவர் சொன்னால், "அப்போ வடக்கத்தியாருக்குக் கீழே இருக்கச் சொல்கிறாயா?" என்று பாய்கிறார்கள். முதல் ஆள் பேசியது அரசின் பதிவேட்டைப் பற்றி. இரண்டாம் ஆள் பேசியது வழிபாட்டைப் பற்றி. இரண்டு பேரும் சொல்லாத ஒன்றை அவர்கள் தலையில் கட்டி, பிறகு அதை உடைத்துவிட்டு வென்றதாக நினைத்துக்கொள்கிறோம்.

யோசித்தால், சிவனைக் கும்பிட்டுக்கொண்டே தனிப் பதிவு கேட்கலாம். தன்னை இந்து என்று சொல்லிக்கொண்டே தமிழ்க் கோயில்களுக்குத் தனி நிர்வாகம் வேண்டும் என்றும் கேட்கலாம். இரண்டிலும் முரண்பாடு இல்லை. எதிரில் இருப்பவர் சொன்னதை நாம் ஒரு தடவை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "இதைத்தானே சொல்கிறீர்கள்?" என்று கேட்டு, அவர் "ஆமாம்" என்ற பிறகு மறுப்பது நல்லது. நேரம் கொஞ்சம் கூடுதலாகப் போகும். போகட்டும்.

எது நடந்தாலும் நான் சொன்னதே சரி

மாரியம்மன் கோயில் தீமிதியில் ஒருவருக்குக் கால் சுடவில்லை, பக்தி என்கிறோம். இன்னொருவருக்குக் கொப்புளம் வந்துவிட்டது. விரதத்தில் குறை என்கிறோம். சுடாவிட்டாலும் நாம் சொன்னது நிரூபணம், சுட்டாலும் நிரூபணம். இப்படி இரண்டு பக்கமும் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும் பேச்சு எதையும் நிரூபிப்பதில்லை.

தணல் பற்றித் தெரிந்த விஷயம் வேறு. மரக்கரியும் அதன்மேல் படியும் சாம்பலும் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் பாதம் தணலில் படுவது மிகக் குறைந்த நேரம். நின்றுவிட்டாலோ, தடுமாறினாலோ, தணல் சரியாகப் பரப்பப்படாமல் இருந்தாலோ சுடும். இதைச் சொல்வதால் தீமிதிப்பவரின் பக்தி குறைந்துவிடாது. பல நாள் விரதம் இருந்து வந்து நிற்கும் அந்த மனஉறுதியை எந்த வெப்பக் கணக்கும் தொடுவதில்லை. ஆனால் கொப்புளம் வந்தவரைப் பார்த்து "உன் மனசு சுத்தமில்லை" என்று சொல்வது கொடுமை. வலியோடு இருப்பவர்மேல் ஒரு போலி வாதத்தால் பழியையும் ஏற்றுகிறோம். முதலில் அவர் காலைக் குளிர்ந்த தண்ணீரில் வைக்க வேண்டும்.

கட்சிக்காரர்களின் பேச்சிலும் இதே அமைப்பைப் பார்க்கலாம். ஜெயித்தால் மக்கள் தீர்ப்பு, தோற்றால் ஓட்டு எண்ணிக்கையில் மோசடி. இப்படிச் சொல்கிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "என்ன நடந்தால் நீங்கள் சொன்னது தப்பென்று ஒத்துக்கொள்வீர்கள்?" பதிலே இல்லையென்றால் அங்கே வாதமும் இல்லை, விசுவாசம் மட்டும்தான் இருக்கிறது.

கூட்டத்தைக் காட்டுவது

"60 இடமும் எங்களுக்கே. இன்னும் என்ன பேச்சு?" மொரீஷியஸ் தீவில் 20 தொகுதிகள், தொகுதிக்கு 3 பேர், மொத்தம் 60. ரொட்ரிக்ஸ் தீவுக்கு 2. தீவின் 60 இடங்களையும் ஒரே அணி வாரிக்கொண்டது 1982, 1995, 2024 என்று மூன்று தடவை நடந்திருக்கிறது. 2024இல் வென்ற அணிக்குக் கிடைத்த ஓட்டு 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அதாவது மீதி ஓட்டுப் போட்ட லட்சக்கணக்கானவர்கள் தீவின் தொகுதி இடங்களின் கணக்கில் தெரியவே இல்லை. தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர்கள் ஜெயிக்கும் முறையில் ஓட்டில் இருக்கும் வித்தியாசம் இடங்களில் பல மடங்காகிவிடும்.

தேர்தலில் ஜெயித்தால் ஆளும் உரிமை கிடைக்கும். எடுக்கும் ஒவ்வொரு முடிவும் சரி என்ற சான்றிதழ் கிடைக்காது. 1982 ஜூனில் 60க்கு 60 வாங்கிய அரசு அடுத்த மார்ச்சிலேயே உடைந்தது; 1983 ஆகஸ்டில் மறுபடி தேர்தல். 1995இல் வென்ற கூட்டணி 1997இல் பிரிந்தது. மதப் பேச்சில் இதன் வடிவம் "உலகத்தில் இத்தனை கோடிப் பேர் நம்புகிறார்களே" என்பது. எல்லா மதத்தாரும் இதைச் சொல்ல முடியும் என்பதே இதற்குப் பதில்.

1998 ரூபாய் நோட்டு

கடைசியாக, தமிழர்கள் நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு வாதத்தை முழுதாகப் பார்ப்போம். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் மதிப்பு ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் எழுதப்பட்டு வந்தது. 1998இல் மத்திய வங்கி வெளியிட்ட புதிய நோட்டுகளில் இந்தி மேலேறித் தமிழ் கீழே போனது. தமிழர்கள் கொதித்தார்கள், போராட்டம் நடந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் வழக்கமாக வரும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

"எந்த எழுத்து மேலே இருந்தால் என்ன, வாங்கும் அரிசி அதேதானே?" இது கேள்வியையே சிறிதாக்கித் தள்ளிவிடும் பேச்சு. வரிசைக்கு அர்த்தமே இல்லையென்றால் அதை மாற்ற வேண்டிய தேவையும் இருந்திருக்காது. மாற்றியவருக்கு அது பெரிய விஷயம், மாற்றத்தால் வருத்தப்பட்டவருக்கு மட்டும் அற்ப விஷயம் என்பது ஒரே அளவுகோல் ஆகாது.

"இன்றைக்கு நோட்டு, நாளைக்குக் கோயிலையே இடிப்பார்கள்." இது நம் பக்கத்திலிருந்து வருவது. முதல் படியிலிருந்து கடைசிப் படிக்குத் தாவுகிறது. நடுவில் இருக்கும் படி ஒவ்வொன்றும் ஏன் நடக்கும் என்று காட்டாதவரை இது பயமுறுத்தல்தான். நோட்டு விஷயத்தில் இருந்த நியாயத்தையும் இது கெடுத்துவிடும்; எதிரில் இருப்பவர் கோயில் இடிப்பை மறுத்துவிட்டு, நோட்டுக்குப் பதில் சொல்லாமலேயே போய்விடலாம்.

"உலகத்திலேயே மூத்த மொழி தமிழ், அதனால் அதுதான் மேலே வர வேண்டும்." இதைச் சொல்லும்போது நமக்கு மனசு நிறைகிறது. ஆனால் உலக மொழிகளின் வயதுக்கும் மொரீஷியஸ் நோட்டில் எழுத்துகளின் வரிசைக்கும் தொடர்பு இல்லை. இதுவும் போலிக் காரணம்தான்.

இங்கே கவனமாக இருக்க வேண்டும். காரணம் போலி என்பதால் முடிவும் தப்பு என்று ஆகாது. "உன் வாதத்தில் ஓட்டை இருக்கிறது, ஆகவே தமிழ் கீழேதான் இருக்க வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், அவரும் அதே குழியில்தான் விழுகிறார். அந்த முடிவுக்கு வேறு நல்ல காரணங்கள் இருந்தன. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, 18ஆம் நூற்றாண்டில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் இந்தத் தீவுக்கு வந்துவிட்டார்கள். 1834இல் தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறைக்கு வெகுகாலம் முந்தியது அது. பல காலமாக நோட்டில் அந்த வரிசை ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. இருக்கும் வழக்கத்தை மாற்றுகிறவர்தான் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். இவை இந்த நோட்டோடும் இந்தத் தீவோடும் தொடர்புள்ள காரணங்கள். மறுப்பவர் இவற்றுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். மறுப்பவரிடமும் ஒரு நேர்மையான காரணம் இருந்தது: இந்தியோடு தங்களை இணைத்துப் பார்க்கும் மக்கள் எண்ணிக்கையில் அதிகம்.

அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 1999இல் தமிழ் பழைய இடத்துக்கு வந்த புதிய நோட்டுகள் வெளியாயின. முதலில் வந்தவருக்கு முதலிடமா, எண்ணிக்கையில் பெரியவருக்கு முதலிடமா, இருந்த வழக்கத்தைக் காப்பதா என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. நோட்டில் தோன்றிய அந்தக் கேள்விதான் பெஸ்ட் லூசர் இடங்களிலும், கணக்கெடுப்பிலும், மத அமைப்புகளுக்குப் போகும் பணத்திலும் இருக்கிறது. அடுத்த தடவை "நீயெல்லாம் ஒரு தமிழனா?" என்று யாராவது ஆரம்பித்தால், "அதை அப்புறம் பார்க்கலாம் மாமா, இந்த மூன்றில் நீங்கள் எந்த அளவுகோலைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.